ஆட்டோ 4டபிள்யூடி பட்டனை அமுக்குனா உள்ள என்ன நடக்குது? டிரான்ஸ்ஃபர் கேஸை புரிஞ்சுக்கிட்டு ஓட்டறதும் செக் பண்றதும்

பழைய சில்வராடோ, டாஹோ, சபர்பன், யூகான் இதுல ஏதாவது ஒண்ணை செகண்ட் ஹேண்ட்ல எடுத்தவங்க கிட்டத்தட்ட எல்லாரும் கேக்கற கேள்வி, டேஷ்போர்டுல ஆட்டோ 4டபிள்யூடின்னு (4டபிள்யூடின்னா நாலு சக்கரமும் இழுக்கறது) ஒரு பட்டன் இருக்கே, அதை போட்டுட்டு பனிக்காலம் பூரா அப்படியே ஓட்டலாமான்னு. தாராளமா ஓட்டலாம். ஆனா அந்த பட்டன் நம்பி இருக்கறது உள்ள இருக்கற ஒரு கிளட்ச்சை, அந்த கிளட்ச் நம்பி இருக்கறது உங்க டயரையும் டிரான்ஸ்ஃபர் கேஸ்ல இருக்கற ஆயிலையும். இந்த ரெண்டையும் திரும்பிக்கூட பாக்காம 'சர்வீஸ் 4டபிள்யூடி'ன்னு எழுத்து வந்ததும் நேரா போய் டிரான்ஸ்ஃபர் கேஸ் மோட்டார் வாங்கி மாட்டறவங்கதான் ஜாஸ்தி, மாட்டுன அப்புறமும் வண்டி அதே மாதிரிதான் இருக்கும்.

நான் இங்க பெரும்பாலும் ஜிஎம்மோட (ஜெனரல் மோட்டார்ஸ், மேல சொன்ன வண்டிகளை செஞ்ச கம்பெனி) ஆட்டோட்ராக் சிஸ்டத்தை வெச்சுதான் சொல்லப்போறேன், 1990கள் கடைசில இருந்து 2000கள் வரைக்கும் லட்சக்கணக்கான வண்டில வந்தது. நடுவுல ஃபோர்டும் ஜீப்பும் வரும், ஏன்னா அதே வேலையை அவங்க வேற மாதிரி பண்ணியிருக்காங்க, அதைப் பாத்தா இது இன்னும் நல்லா புரியும்.

மொதல்ல சாதாரண பார்ட் டைம் 4டபிள்யூடி. கியர்பாக்ஸுக்கு பின்னாடி ஒட்டிக்கிட்டு இருக்கற பெட்டிதான் டிரான்ஸ்ஃபர் கேஸ். கியர்பாக்ஸ்ல இருந்து வர்ற சுத்து நேரா பின்னாடி ப்ரொப்பல்லர் ஷாஃப்டுக்கு (ஆக்ஸிலுக்கு சுத்தை கொண்டுபோற நீளமான தண்டு) போயிடும், முன் சக்கரத்துக்கு வேணும்னா கேஸுக்குள்ள ஒரு அகலமான செயின் இருக்கும், அது வழியா பக்கவாட்டுல இறங்கி முன்னாடி ஷாஃப்டுக்கு போகும். ஃபோர் ஹை போட்டா ரெண்டு ஷாஃப்டும் ஒண்ணா பூட்டிக்கும், ரெண்டும் ஒரே வேகத்துலதான் சுத்தியாகணும். நேர் ரோட்டுல இதுல பிரச்சனை இல்ல. ஸ்டியரிங்க ஒடிச்சதும்தான் வில்லங்கம், ஏன்னா திருப்பத்துல முன் சக்கரம் போற வட்டம் பெருசு, பின் சக்கரம் கொஞ்சம் உள்ள தள்ளி சின்ன வட்டத்துல வரும், அதனால முன்னாடி ஷாஃப்ட் வேகமா சுத்தியே ஆகணும், ஆனா பூட்டி வெச்சிருக்கறதால முடியாது. பனி, மணல், சகதின்னா டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தை சரி பண்ணிக்கும். காஞ்ச தார் ரோட்டுல வழுக்க இடமே இல்ல, உள்ள முறுக்கு ஏறிக்கிட்டே போயி வண்டி குதிச்சு குதிச்சு திரும்பும், செயின், யூ ஜாயிண்ட், ஆக்ஸில் எல்லாத்துக்கும் அடி.

ஆட்டோ கேஸ்ல பண்ண ஒரே மாற்றம், அந்த பூட்டு இருக்கற இடத்துல ஒரு கிளட்ச் பேக் வெச்சதுதான். ரெண்டு சீட்டுக்கட்டை கலைச்சு ஒண்ணுக்குள்ள ஒண்ணு செருகுன மாதிரி தகடுங்க இருக்கும், ஒரு செட் தகடு பின்னாடி போற மெயின் ஷாஃப்டோட சுத்தும், இன்னொரு செட் செயின் ஸ்ப்ராக்கெட்டோட சுத்தும். அழுத்தாம விட்டா ரெண்டும் ஆயில்ல நனைஞ்சுக்கிட்டு தனித்தனியா போகும். லேசா அழுத்துனா கொஞ்சம் டார்க் (சுத்தற பலம்) முன்னாடி போகும், ஆனா வேக வித்தியாசத்துக்கும் இடம் இருக்கும், அதனாலதான் ஆட்டோல காஞ்ச ரோட்டுல திரும்பலாம். நல்லா அழுத்துனா கிட்டத்தட்ட பூட்டுன மாதிரி. எவ்வளவு அழுத்தணும், எப்ப அழுத்தணும், அவ்வளவுதான் இந்த சிஸ்டத்தோட மொத்த வேலையும்.

அந்த அழுத்தறதை யாரு பண்றாங்கங்கறதுலதான் கம்பெனிக்கு கம்பெனி வித்தியாசம். ஜிஎம்மோட என்பி 246 கேஸ்ல (என்வி 246ன்னும் சொல்லுவாங்க, கேஸ் செஞ்ச கம்பெனி நியூ ப்ராசஸ்ல இருந்து நியூ வென்ச்சர்னு மாறினதால ரெண்டு பேரும் ஓடுது, பார்ட்ஸ் தேடறப்ப ரெண்டையும் போட்டு தேடுங்க) வெளிய ஒரு மோட்டார் மாட்டியிருக்கும், என்கோடர் மோட்டார். அது ஒரு ஷாஃப்டை திருப்பும், அந்த திருப்பு உள்ள ஒரு லீவரைத் தள்ளி கிளட்ச் பேக்கை நெருக்கும். அதே ஷாஃப்ட்தான் ஃபோர் லோவுக்கும் (நாலு சக்கரமும் மெதுவா, பலமா இழுக்கற கியர்) நியூட்ரலுக்கும் கியரை நகத்தறதும். மோட்டார் எந்த இடத்துல நிக்குதுன்னு சொல்லறதுக்கு அதுக்குள்ளயே ஒரு பொசிஷன் சென்சார் இருக்கு, அதுதான் என்கோடர். இந்த சென்சாரை மறந்துடாதீங்க, கடைசில திரும்ப வரும்.

ஃபோர்டு 1995 எக்ஸ்ப்ளோரர்ல கொண்டுவந்த கன்ட்ரோல் ட்ராக் வேற ரகம், போர்க் வார்னர் 4405 கேஸ். அதுல கிளட்ச்சை அழுத்தறது ஒரு மின்காந்த காயில். காயிலுக்கு கரண்ட் போனா அது ஒரு தட்டைப் பிடிச்சு இழுக்கும், அந்த தட்டு சரிவான பள்ளத்துல உக்காந்திருக்கற குண்டுகளை உருட்டும், குண்டு சரிவுல ஏற ஏற ரெண்டு பக்கமும் விலகி கிளட்ச்சை நெரிக்கும். ரொம்ப கொஞ்சம் கரண்ட்ல பெரிய அழுத்தம், கம்ப்யூட்டர் அந்த கரண்டை விட்டு விட்டு குடுத்து அளவை கூட்டிக் குறைக்கும், ரொம்ப புத்திசாலித்தனமான டிசைன். ஒரே குறை, டிரைவருக்கு 2டபிள்யூடி பொசிஷனே தரல. அதனால எக்ஸ்ப்ளோரர்காரங்க காயிலுக்கு போற பிரவுன் வயரை வெட்டி நடுவுல ஒரு ஸ்விட்ச் போட்டாங்க, ஆஃப் பண்ணா பின் சக்கரம் மட்டும், அதுவும் லோ ரேஞ்சுலயே. படகு டிரெய்லரை காஞ்ச தரையில இம்மி இம்மியா பின்னாடி தள்ளறதுக்கு அது அவ்வளவு வசதி. (நம்ம ஊர்க்காரங்களுக்கு ஒண்ணு: மறைமலை நகர் ஃபேக்டரில செஞ்ச எண்டெவர் 3.2 ஃபோர் பை ஃபோர்லயும் இதே மாதிரி தேவைக்கேத்த மாதிரி டார்க் அனுப்பற கேஸ்தான்.)

ஜீப் 1999ல இருந்து 2004 வரைக்கும் கிராண்ட் செரோகில போட்ட குவாட்ரா ட்ராக் டூல கம்ப்யூட்டரே கிடையாது. முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் வேற வேற வேகத்துல சுத்துனா அந்த வித்தியாசமே ஒரு குட்டி பம்ப்பை ஓட்டும், பம்ப் ஆயில் பிரஷர் ஏத்தும், பிரஷர் கிளட்ச்சை அழுத்தும். வயர் இல்ல, மோட்டார் இல்ல, ஆனா ஆயில் மட்டும் தப்பா ஊத்திட்டீங்கன்னா வண்டி அப்படியே மாறிப்போயிடும்.

ஜிஎம்முக்கு வருவோம். ஆட்டோல போட்டதும் ரெண்டு வேலை நடக்கும். முன்னாடி டிஃபரன்ஷியல் (ஷாஃப்டோட சுத்தை ரெண்டு பக்க சக்கரத்துக்கும் பிரிக்கற பெட்டி) பக்கத்துல ஆக்சுவேட்டர்னு ஒண்ணு இருக்கு, அது வலது பக்க ஆக்ஸிலை டிஃபரன்ஷியலோட கோர்த்து விடும், டூ ஹைல (பின் சக்கரம் மட்டும் இழுக்கற பொசிஷன்) அது கழண்டுதான் இருக்கும். கேஸ்ல மோட்டார் கிளட்ச்சை ரெடியா கொண்டுவந்து நிறுத்தும். அப்புறம் முன் ஷாஃப்ட், பின் ஷாஃப்ட் வேக சென்சார் ரெண்டையும் கம்ப்யூட்டர் பாத்துக்கிட்டே இருக்கும், பின்னாடி வேகம் கூடிப்போனா பின் சக்கரம் வழுக்குதுன்னு அர்த்தம், மோட்டாரை கொஞ்சம் திருப்பி கிளட்ச்சை அழுத்தும், வித்தியாசம் போனதும் மெதுவா விடும். ஆக்சிலரேட்டர் எவ்வளவு மிதிச்சிருக்கீங்கங்கறதும் கணக்குல வரும். இதுல நீங்க தெரிஞ்சுக்க வேண்டியது, சக்கரம் வழுக்குதான்னு கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கறது வேக வித்தியாசத்தை வெச்சு மட்டும்தான், அது ஐஸா, தேஞ்ச டயரான்னு அதுக்கு தெரியாது.

அதனால டயர் கணக்கை ஒரு தடவை போட்டு பாத்துடலாம். 265/70 ஆர்17 டயர் புதுசுல கிட்டத்தட்ட 803 மி.மீ. விட்டம், ஒரு சுத்துக்கு 2,522 மி.மீ. போகும். பின்னாடி ரெண்டு மட்டும் 6 மி.மீ. ட்ரெட் தேஞ்சு போச்சுன்னு வைங்க, விட்டத்துல 12 மி.மீ. போச்சு, ஒரு சுத்துக்கு 38 மி.மீ. கம்மி. ஒரு கி.மீ.க்கு புது டயர் 396 சுத்து சொச்சம், தேஞ்ச டயர் 402 சொச்சம், அதாவது 6 சுத்து ஜாஸ்தி. ஆக்ஸில் ரேஷியோ (சக்கரம் ஒரு சுத்து சுத்த ஷாஃப்ட் எத்தனை சுத்தணுங்கறது) 3.73ன்னா ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்ல அது 22 சுத்து. ஹைவேல ஒரு மணி நேரத்துக்கு 100 கி.மீ. போனா 2,200 சுத்துக்கு மேல அந்த கிளட்ச் தேய்ஞ்சுக்கிட்டே வந்திருக்கு, ரோடு காஞ்சு கிடக்கு, ஐஸே இல்ல! கிளட்ச் சூடாகும், ஆயில் கருகும், தகடு வழவழன்னு ஆயிடும். டயர் கடைல 'ரெண்டு மட்டும் மாத்திக்கோங்க, காசு மிச்சம்'னு சொன்னா கேக்காதீங்க. நாலையும் சேத்து மாத்துங்க, அஞ்சு ஆறாயிரம் மைலுக்கு ஒரு தடவை முன்ன பின்ன மாத்தி போடுங்க, காத்து அளவை சரியா வைங்க. ரெண்டுதான் மாத்த முடியுற நிலைமைன்னா அது தேயற வரைக்கும் காஞ்ச ரோட்டுல டூ ஹைலயே ஓட்டுங்க. இன்னொண்ணு, பழைய வண்டில முன்னாடி டிஃபரன்ஷியல் உடைஞ்சு ஸ்க்ராப் யார்டுல இருந்து எடுத்து போட்டிருப்பாங்க, பின்னாடி 3.73, முன்னாடி 3.42ன்னு இருந்துச்சுன்னா ஆட்டோவை தொடவே கூடாது, ஃபோர் ஹையும்தான்.

எந்த நேரத்துல எதைப் போடறதுன்னா: காஞ்ச ரோடு, டூ ஹை. ஒரு பக்கம் தார், அடுத்த வளைவுல ஐஸ், அப்புறம் திரும்ப தார், இந்த மாதிரி மாறி மாறி வர்ற ரோடுக்குதான் ஆட்டோ பிறந்ததே. காஞ்ச ரோட்டுலயும் ஆட்டோலயே விட்டா உடனே ஒண்ணும் ஆகாது, ஆனா முன்னாடி எல்லாமே சுத்திக்கிட்டு வரும், டீசலோ பெட்ரோலோ கொஞ்சம் கூட குடிக்கும். முழுக்க பனி மூடியிருக்கு, இல்ல நீளமா மணல்ல போறீங்கன்னா ஃபோர் ஹை போடுங்க, ஆட்டோல விட்டா கிளட்ச் அழுத்தறதும் விடறதுமா வழுக்கிக்கிட்டே இருந்து சூடாகும். ஃபோர் லோவுக்கு வண்டி கிட்டத்தட்ட நிக்கணும், மணிக்கு 5 கி.மீ.க்கு கீழ, கியர் நியூட்ரல்ல, அப்பதான் பட்டன். முழுசா நிறுத்தறதை விட லேசா உருண்டுக்கிட்டு இருந்தா பல்லு சுலபமா விழும். லோல ரேஷியோ 2.72, அதாவது டார்க் அத்தனை மடங்கு, வேகம் அத்தனை பங்கு கம்மி, அதை போட்டுக்கிட்டு 70 கி.மீ.க்கு மேல போகாதீங்க.

பார்க்கிங் விஷயம் ஒண்ணு இருக்கு, நிறைய பேருக்கு தெரியாது. ஐஸ் படிஞ்ச சரிவுல ஆட்டோல போட்டு பார்க் பண்ணா பின் சக்கரம் மட்டும்தான் வண்டியை பிடிச்சுக்கிட்டு நிக்கும், கிளட்ச் விட்டிருக்கும்ல. அந்த இடத்துல ஃபோர் ஹை போட்டுட்டு நிறுத்துங்க, நாலும் பிடிக்கும். அதே மாதிரி கேஸ் நியூட்ரல்ல இருந்தா கியர் பார்க்ல இருந்தாலும் வண்டி உருளும், வேற வண்டிக்கு பின்னாடி கட்டி இழுக்கறதுக்காகத்தான் அந்த நியூட்ரல் (டூ ஹை, ஃபோர் லோ ரெண்டு பட்டனையும் சேத்து 10 செகண்ட் அமுக்கினா சிவப்பு லைட் வரும்), அதனால அதை தொடறதுக்கு முன்னாடி ஹேண்ட் பிரேக் போட்டு சக்கரத்துக்கு கட்டை வைங்க.

இப்ப ஆயில். முதல்ல உங்க வண்டில எந்த கேஸ்னு உறுதி பண்ணுங்க, க்ளவ் பாக்ஸ்ல ஒரு ஸ்டிக்கர்ல வரிசையா மூணெழுத்து கோடு இருக்கும், அதுல என்பி8 இருந்தா ஆட்டோட்ராக். கேஸோட பின்பக்கத்துல ஒரு டேக் ஒட்டியிருக்கும், மாடல் நம்பரும் ரேஷியோவும் அதுல இருக்கும். 246க்கு நீல கலர் ஆட்டோட்ராக் டூ ஆயில்தான், சாதாரண ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) சிவப்பா இருக்கும், அது இதுக்கு ஆகாது. கிளட்ச் தகடு எவ்வளவு பிடிக்கணும் எவ்வளவு வழுக்கணும்னு ஆயில்ல கலந்த மருந்துதான் முடிவு பண்ணுது, தப்பான ஆயில்னா ஆட்டோல திரும்பறப்பவே உறுமும், நடுங்கும். ஆனா இது 246க்கு சொல்றது, எக்ஸ்ப்ளோரர் கேஸுக்கு ஃபோர்டு சொல்றது மெர்கான் ஏடிஎஃப்தான், புது ஜிஎம் வண்டிக்கும் மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அதுதான்.

மாத்தறது ஒண்ணும் கஷ்டமில்ல. வண்டியை சமமான தரையில நிறுத்தி, கொஞ்சம் ஓட்டி சூடா இருக்கறப்ப பண்ணுங்க. மேல இருக்கற ஃபில் பிளக்கைத்தான் மொதல்ல கழட்டணும், அது துருப்பிடிச்சு வரலன்னா கீழ வடிச்சுட்டு முழிச்சுக்கிட்டு நிக்க வேண்டியதுதான். அது வந்த அப்புறம் கீழ் பிளக். வர்ற ஆயில்ல லேசா கருப்பு, ரொம்ப பொடியான இரும்புத்தூள் இருந்தா பரவால்ல, மினுமினுன்னு துண்டு வந்தா கேஸை இறக்கி பிரிக்க வேண்டிய நேரம் வந்தாச்சு. கீழ் பிளக்கை மாட்டி, மேல் ஓட்டை வழியா வழியற வரைக்கும் ஊத்துங்க, ரெண்டு லிட்டர் சுமாரா பிடிக்கும். பிளக்கை டைட் பண்றப்ப வீரத்தை காட்டாதீங்க, கேஸ் மெக்னீசியம், மரை உரிஞ்சா செலவு வேற ரேஞ்சுல போயிடும். எப்ப மாத்தறதுன்னு கேட்டா என் கருத்து 50,000 மைலுக்கு ஒரு தடவை, செகண்ட் ஹேண்ட்ல எடுத்த வண்டின்னா எடுத்த அன்னைக்கே.

ஆயிலைப் பத்தி பேசறப்ப 246ஓட பேர் போன வியாதியை சொல்லாம விட முடியாது. உள்ள ஆயில் பம்ப் ஒண்ணு இருக்கு, அது சுத்தாம பிடிச்சு வைக்கற தகடு கேஸோட பின் பாதில உக்காந்திருக்கும். வருஷக்கணக்கா அது அங்கயே ஆடி ஆடி உரசி கேஸ் சுவத்துல ஊசி முனை அளவு ஓட்டை போட்டுடும். இதுல ரொம்ப நயவஞ்சகம் என்னன்னா அந்த ஓட்டை ஆயில் மட்டத்துக்கு மேல, வண்டி நிக்கறப்ப ஒரு சொட்டு கூட தரையில விழாது, ஓடறப்ப மட்டும் தெறிச்சு வெளிய போயிடும். டிரைவ்வேல கறை இல்லன்னு நீங்க நிம்மதியா இருப்பீங்க, உள்ள ஆயில் காலியாயி செயினும் பேரிங்கும் வெந்துக்கிட்டு இருக்கும். அதனால கீழ படுத்து கேஸோட பின் பாதியை மேல் பக்கமா கையை விட்டு தடவி பாருங்க, ஈரமா அழுக்கு அப்பியிருந்தா சந்தேகப்படுங்க. ஆரம்பத்துல பிடிச்சா பின் பாதியை மட்டும் மாத்தி, அந்த தகடு உரசாத மாதிரி வெளி மார்க்கெட்ல வர்ற கிட்டை போட்டு முடிச்சுடலாம். ஜிஎம்மோட 261, 263 கேஸுக்கும் இதே வியாதி உண்டு.

கடைசியா, வேலை செய்யலன்னா எங்க ஆரம்பிக்கறது. சாவி போட்டதும் பட்டன் லைட் எல்லாம் ஒரு தடவை எரிஞ்சு ஒண்ணு மட்டும் நிக்கணும். ஒண்ணுமே எரியலன்னா ஃப்யூஸ், இல்ல அந்த பட்டன் ஸ்விட்ச்சே, 1999ல இருந்து 2002 வரைக்கும் வந்ததுல ஸ்விட்ச் அடிக்கடி போகும், டேஷ்ல இருந்து பிடுங்கி மாட்டற வேலை, விலையும் கம்மி, அதை மொதல்ல பாருங்க. லைட் சிமிட்டிக்கிட்டே இருந்து நிலையா நிக்கலன்னா மோட்டார் அந்த இடத்துக்கு போகல, இல்ல போனது கம்ப்யூட்டருக்கு தெரியல. இங்கதான் ஸ்கேனர் வேணும், அதுவும் சேசிஸ் கோடு படிக்கற ஸ்கேனர், மலிவான ரீடர் இஞ்சின் கோடை மட்டும் படிச்சுட்டு எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிடும். சி0327 வந்தா என்கோடர் சர்க்யூட், சி0306 வந்தா மோட்டார் சர்க்யூட். 0327க்கு முழு மோட்டாரையும் வாங்க அவசியமில்ல, மோட்டாருக்குள்ள இருக்கற சென்சார் தனியா கிடைக்கும். அதுக்கும் முன்னாடி கனெக்டரை கழட்டி பச்சை பூத்திருக்கான்னு பாருங்க, எர்த் வயரை சுரண்டி மாட்டுங்க, உப்பு போடற ஊர்ல பாதி வியாதி அதோட போயிடும். மோட்டாரை கழட்டி மாட்டறதா இருந்தா கேஸ் ஷாஃப்டும் மோட்டாரும் ரெண்டும் நியூட்ரல் பொசிஷன்ல ஒத்துப்போகணும், ஷாஃப்டை ஸ்பேனரால மெதுவா திருப்பி கொண்டுவாங்க, பலவந்தமா போல்ட் போட்டு இழுக்காதீங்க. ஷாஃப்ட் நியூட்ரல்ல இருக்கறப்ப பார்க் கியர் வண்டியை பிடிக்காது, அதனால இதுக்கும் ஹேண்ட் பிரேக், கட்டை ரெண்டும் முக்கியம்.

கோடே இல்ல, லைட் எல்லாம் சரியா எரியுது, ஆனா முன் சக்கரம் மட்டும் இழுக்கலன்னா இது மெக்கானிக்கல். ஆளில்லாத காலி கிரவுண்டுல, முடிஞ்சா ஜல்லி தரையில, ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சு நடக்கற வேகத்துல ஒரு வட்டம் போடுங்க. டூ ஹைல சாதாரணமா திரும்பணும். ஆட்டோலயும் கிட்டத்தட்ட அப்படியே. ஃபோர் ஹைல முன் சக்கரம் இழுத்து இழுத்து அடம் பிடிக்கும், அதுதான் சரி. ஆட்டோலயே அடம் பிடிச்சா கிளட்ச் விடாம ஒட்டிக்கிட்டு இருக்கு, ஆயிலையும் டயரையும் திரும்ப பாருங்க. ஃபோர் ஹைலயும் வெண்ணெய் மாதிரி திரும்புச்சுன்னா முன்னாடி டார்க் போகவே இல்ல. அப்ப சக்கரத்துக்கு கட்டை வெச்சு, ஹேண்ட் பிரேக் போட்டு, கியர் பார்க்ல, சாவி ஆன், இஞ்சின் ஆஃப், ஃபோர் ஹை போட்டு லைட் நிலையா நின்ன அப்புறம் கீழ போயி முன்னாடி ப்ரொப்பல்லர் ஷாஃப்டை கையால திருப்பி பாருங்க, வண்டிக்குள்ள வேற யாரும் உக்காந்திருக்க கூடாது. சுலபமா சுத்துச்சுன்னா கேஸ் பிடிக்கல, கிளட்ச் தேஞ்சிருக்கும், இல்ல மோட்டார் முழுசா போகல, இல்ல செயின். சுத்தவே இல்லன்னா அதை மட்டும் வெச்சு கேஸ் ஓகேன்னு சொல்ல முடியாது, ஆக்ஸில் கோர்த்திருந்தா தரையில நிக்கற முன் சக்கரமே ஷாஃப்டை பிடிச்சுக்கும், குத்தம் ஆக்ஸிலைக் கோர்க்கற அந்த ஆக்சுவேட்டர் பக்கமும் இருக்கலாம், அதனால கேஸை இறக்கறதுக்கு முன்னாடி அதோட வயரையும் ஃப்யூஸையும் பாத்துடுங்க. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரருக்கு இந்த கை டெஸ்ட் நம்பகமில்ல, வண்டி நிக்கறப்ப காயிலுக்கு எவ்வளவு கரண்ட் போகுதுங்கறது கம்ப்யூட்டர் கையில, அதுல நேரா வட்டம் போட்டு பாக்கறதுதான் வழி.